வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கடதாசிச் சிற்பம் பழக்கப் போகிறீர்களா? தொடங்கும் முன் இதை வாசியுங்கள்

முன்பள்ளியிலோ சனசமூக நிலையத்திலோ 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கடதாசியில் மரம், புற்று, பறவை என்று செய்யப் பழக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்முறைகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. ஆனால் அவற்றில் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதும் கடிதம் பற்றி ஒரு வரி இராது. மாரியில் பசை பூசணம் பிடிப்பதும், வடலியின், அதாவது இளம்பனையின், கருக்குக் கையைக் கிழிப்பதும் இராது. அலைந்து தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படி தருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிட வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய இடைஞ்சல் காசும் இல்லை, கடதாசியும் இல்லை, பெரியவர்களின் கைதான். பிள்ளை செய்தது வளைந்து நின்றால் ரீச்சர் நிமிர்த்துவார், அம்மா வெட்டித் திருத்துவார், கண்காட்சி என்றால் அக்காமார் இரவிரவாக இருந்து புதிதாகவே செய்து வைப்பார்கள். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அதில் பிள்ளையின் பங்கு ஒன்றும் இராது. கீழே வரும் படிகளில் பாதி, அந்தக் கைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைப்பதற்கானவைதான்.

1. காலம் பார்த்து நாள் குறியுங்கள்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஈரக் கடதாசி வேலை வேண்டாம். மழையில் எதுவும் காயாது. மூன்றாம் நாளே பச்சையும் கறுப்புமாகப் பூசணம் வந்துவிடும். அந்த மாதங்களில் மடித்தல், சுருட்டல், கிழித்து ஒட்டுதல் போன்ற உலர் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை காய்வதற்கு நல்ல காலம். ஆனால் சோளகக் காற்று வீசும். ஓலைக் கொட்டிலிலோ அரைச் சுவர் வைத்த மண்டபத்திலோ வகுப்பு என்றால் மெல்லிய கடதாசி எல்லாம் பறந்து பக்கத்துக் காணிக்குப் போகும். பிள்ளைகளும் பின்னால் ஓடுவார்கள். பாய்க்கு நான்கு கல் என்று கணக்கு வைத்துப் பொறுக்கி வையுங்கள். காற்று காலையில் சற்றுக் குறைவு.

பெற்றோர் கூட்டத்தைப் பெரும்போக அறுவடை நாட்களில், அதாவது தை, மாசிப் பக்கம் வைக்காதீர்கள். ஒருவரும் வரமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விதைப்பு நேரமும் அப்படித்தான்.

முன்பள்ளிகள் பெரும்பாலும் காலை 8.30 க்கும் 11.30 க்கும் இடையில் நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு நித்திரை தூங்கும். அதனால் பிரார்த்தனை முடிந்த கையோடு 40 நிமிடம் கேளுங்கள். அதற்கு மேல் தருகிறோம் என்றாலும் வேண்டாம்.

2. கடிதங்களும் கையெழுத்துகளும்

எங்கே நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து யாரிடம் கேட்பது என்பது மாறும்.

முன்பள்ளி என்றால் முதலில் ஆசிரியையிடமும் நிர்வாகக் குழுவிடமும் கதையுங்கள். சில முன்பள்ளிகளைக் கிராம அமைப்பு நடத்தும், சிலவற்றைத் தேவாலயமோ நிறுவனமோ நடத்தும். ஆசிரியைக்கு விருப்பம் என்பதற்காகக் குழுவைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு கரைச்சல் அவருக்குத்தான். வலயக் கல்விப் பணிமனையில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான அலுவலருக்கும் ஒரு பிரதி போகட்டும்.

அரச பாடசாலையின் ஆரம்பப் பிரிவு என்றால் அதிபரின் வாய்ச்சொல் போதாது. துணுக்காய், முல்லைத்தீவு, மடு என்று எந்த வலயத்துக்குள் பாடசாலை வருகிறதோ அங்கே எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். மாவட்டமும் வலயமும் ஒன்றல்ல. துணுக்காய் வலயம் முல்லைத்தீவு மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் பணிமனை வேறு. புதிதாக வருபவர்கள் இதில்தான் ஒரு நாளைத் தொலைப்பார்கள்.

சனசமூக நிலையம் என்றால் தலைவர், செயலாளர் சம்மதம் போதும், கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். அவசரமாகத் தொடங்க வேண்டுமானால் இந்த வழிதான் சுருக்கு.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி, கூட வருபவர்களின் விபரம், எந்த வயதுப் பிள்ளைகள், திகதிகள், நேரம், என்னென்ன சாமான் பாவிப்பீர்கள், காசு அறவிட மாட்டீர்கள் என்ற ஒரு வரி. அடையாள அட்டையின் பிரதியை இணையுங்கள். வெளியூர்க்காரர் என்றால் கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரமும் கேட்கலாம். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும் என்பதால் அதை முதலே உங்கள் ஊரில் எடுத்துக்கொண்டு வாருங்கள். வன்னிக்கு வந்தபிறகு அதற்காகத் திரும்பிப் போவது பெரிய வீண்செலவு.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். எங்கள் கடிதம் ஒன்று ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு கோவைக்குள் போய்ப் படுத்துவிட்டது. கையில் அந்தக் கையெழுத்து இருந்தபடியால்தான் தேடியாவது பார்த்தார்கள். அனுமதிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். இரண்டு கிழமையில் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

படம் எடுப்பது தனி விசயம். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள், முகநூலில் போடாதீர்கள். வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களை இந்தச் சனம் நிறையவே பார்த்துவிட்டது. என்னைக் கேட்டால் கைகளையும் செய்த பொருளையும் மட்டும் எடுங்கள், அதுவே போதும்.

3. சாமானும் செலவும்

20 பிள்ளைகள், கிழமைக்கு ஒரு நாள், 4 கிழமை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பழைய பத்திரிகை 4 கிலோ அளவு. கடையில் நிறுத்து வாங்கலாம். அதைவிட நல்லது சனசமூக நிலைய வாசிகசாலை. ஆனால் சும்மா கேட்காதீர்கள், பல இடங்களில் பழைய பேப்பர் விற்ற காசில்தான் புதுப் பேப்பர் வாங்குகிறார்கள். நிறப் பேப்பர் ஏ4 அளவில் 100 தாள், பெரும்பகுதி பச்சையும் மண்ணிறமும். கொப்பிக்கு உறை போடும் பிறவுண் பேப்பர் கொஞ்சம். பிறிஸ்டல் போட் 5. மற்றபடி அடிமட்டைக்கு பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி மட்டைகள், தையல் நூல், கோதுமை மா 1 கிலோ, உப்பு.

கத்தரிக்கோல்தான் பெரிய செலவு. முனை மழுங்கியது 10 வாங்குங்கள், இருவருக்கு ஒன்று. முழுப் பிளாஸ்டிக் கத்தரி மலிவு, ஆனால் கடதாசியை வெட்டாது, மென்றுவிடும். பிள்ளை தனக்குத்தான் வெட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். இடக்கைப் பிள்ளை இருக்கிறதா என்று முதலே கேட்டு, இருந்தால் இரண்டு கைக்கும் பொருந்துவதாகத் தேடுங்கள்.

எல்லாம் சேர்த்து ஐந்தாறாயிரம் ரூபாய் ஒதுக்கினால் போதும். ஓட்டோக் காசு இதில் இல்லை. உள் ஊர்களுக்குப் பஸ் குறைவென்பதால் அதுதான் சாமானைவிடக் கூடிவிடும். நிறப் பேப்பரும் நல்ல கத்தரிக்கோலும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கிவிடுங்கள். மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்புக் கடைகளில் எல்லா நிறமும் எப்போதும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வாங்கக் கூடாதவை சில. பலூனில் கடதாசி ஒட்டும் முறை எல்லாச் செய்முறையிலும் இருக்கும், ஆனால் வெடித்த பலூன் துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பதிலுக்குக் கசக்கிய பத்திரிகைப் பந்தைப் பாவியுங்கள். சீமெந்துப் பையின் கடதாசி நல்ல உறுதி, மண்ணிறமும் அழகு, ஆசையாகத்தான் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சீமெந்து தோலையும் கண்ணையும் எரிக்கும், வேண்டாம். மினுக்கத் தூளும் வேண்டாம்.

4. பசை காய்ச்சுதல்

ஒரு கோப்பை மாவை ஒரு கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். நான்கு கோப்பை தண்ணீர் கொதித்ததும் அதில் ஊற்றி, கை விடாமல் கிண்டுங்கள். வெள்ளை மங்கி, பளபளப்பாகத் தடித்ததும் இறக்கி, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள். முழுக்க ஆறின பிறகுதான் பிள்ளைகள் பக்கம் போக வேண்டும்.

புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் துருசு போடுவார்கள். யாராவது அந்த யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது நஞ்சு. விரலை வாயில் வைக்கும் வயது இது.

வெக்கைக்கு இந்தப் பசை ஒரு நாள்தான் தாங்கும். வகுப்பு நாளன்று விடியக் காய்ச்சுவதே நல்லது. ஊற்றிக் கொடுக்கச் சிரட்டையைவிட நல்ல பாத்திரம் இல்லை. உருளாமல் இருக்க ஒரு மண்மேட்டிலோ துணிச் சும்மாட்டிலோ வையுங்கள். வகுப்பு முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மழைத் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு வரும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பேச்சு முன்பள்ளி ரீச்சருக்குத்தான். ஒரு வாளி தண்ணீர், சவர்க்காரம், பழைய துவாய் இரண்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.

5. முதலில் முற்றம், பிறகு பாய்

செய்து முடித்த மாதிரி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். காட்டினால் இருபது பிள்ளைகளும் அதைப் பார்த்து ஒன்றையே செய்வார்கள், வராவிட்டால் அழுவார்கள். பதிலுக்கு மரத்தைக் காட்டுங்கள்.

வடலி இதற்கென்றே அமைந்தது, ஓலை பிள்ளையின் கண்ணுக்கு நேரே நிற்கும். நீங்கள் முதலே ஓர் ஓலையை வெட்டி, மட்டையின் கருக்கைச் சீவிவிட்டுக் கொடுங்கள். கருக்கு வாள்பல் மாதிரி, சின்னக் கையைக் கிழித்துவிடும். "இது மட்டமா, மடிஞ்சிருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் விரலால் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். அடுத்த படியின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இலை பொறுக்கும் வேலையை வேலிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பூவரசு, வேம்பு, விளா, நாவல் எல்லாம் வளவுக்குள்ளேயே கிடைக்கும். வன்னியில் இன்னும் மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் பற்றைக்குள் இறங்கலாம் என்று அர்த்தமில்லை. ஊரில் இருப்பவர்கள் வழமையாக நடக்கும் பாதையைத் தவிர வேறெதிலும் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். உலோகச் சாமான் எதையாவது பிள்ளை கண்டால் தொடாமல் வந்து சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

நஞ்சுச் செடிகளையும் தெரிந்து வைத்திருங்கள். பறவைக்குக் கண் வைக்கக் குன்றிமணி என்று யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள். சிவப்பும் கறுப்புமாக அசல் கண் போலவே இருக்கும். கடித்து விழுங்கினால் கொல்லும் நஞ்சு. கண்ணுக்குக் கறுப்புக் கடதாசிப் பொட்டு போதும். அலரியும் கார்த்திகைப் பூச் செடியும் இதே கணக்குத்தான், கார்த்திகைக் கிழங்கு மிக மோசம்.

6. கிழிக்க விடுங்கள்

முதல் நாள் கத்தரிக்கோலை வெளியே எடுக்காதீர்கள். பத்திரிகையை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். கடதாசிக்குள் நார் ஒரு திசையில் படுத்திருப்பதுதான் காரணம். பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை, இரண்டு பக்கமும் கிழித்துப் பார்க்க விட்டால் போதும். உங்களுக்குத்தான் இது முக்கியம்: நார்த் திசைக்கு ஒத்து மடித்தால் மடிப்பு இலகுவாக விழும், சுருட்டினால் வெடிக்காது.

பிறகு கசக்குதல், முறுக்குதல், பென்சிலில் சுற்றிச் சுருள் எடுத்தல். 3 வயதுப் பிள்ளைக்கு இதுவே ஒரு முழு வகுப்பு. கசக்கிய பந்து ஒன்றை "தூக்கணாங்குருவிக் கூடு" என்று ஒரு பிள்ளை நீட்டினால் அது கூடுதான். "வாசல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள், மிச்சத்தை அதுவே செய்யும்.

7. பனை

தண்டுக்கு ஒரு முழுப் பத்திரிகைத் தாளை உருட்டி நூலால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். முடிச்சுப் போடுவதில் மட்டும் பெரியவர் கை படலாம். அடியில் விரல் நீளத்துக்கு நான்கைந்து வெட்டு வெட்டி வேர் போல விரித்து, அடிமட்டையில் பசை பூசி ஒட்டினால் மரம் நிற்கும்.

ஓலைக்கு ஏ4 பச்சைத் தாளில் பாதி. விசிறி மடிப்பு. ஒரு மடிப்பு பிள்ளையின் இரண்டு விரல் அகலம் இருக்கட்டும், அதைவிட ஒடுக்கமாகச் சொன்னால் கைக்கு வராது. "மடி, திருப்பு, மடி, திருப்பு" என்று எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொண்டே செய்தால் தாளம் பிடித்துவிடும். திருப்ப மறந்தால் விசிறிக்குப் பதில் சுருள் வரும். அதை எறிய வேண்டாம், சுருளும் நத்தையாகும். மடித்து முடிந்ததும் ஒரு நுனியை நசுக்கி நூல் கட்டி, மறு நுனியை விரித்துவிடுங்கள். ஒரு மரத்துக்கு ஐந்து, ஆறு ஓலை போதும். தண்டின் மேல்வாயில் பசை தோய்த்துச் செருகுங்கள்.

காவோலையை மறக்காதீர்கள். பிறவுண் பேப்பரில் அதே விசிறி, தலைகீழாகக் கீழே தொங்கும். கறுத்த கடதாசியில் கசக்கிய உருண்டைகள் பனங்காய். அதை எங்கே வைப்பது என்பதைப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்தே முடிவெடுப்பார்கள். நீங்கள் தலையிட வேண்டாம்.

8. கரையான் புற்று

இதைக் கோடையில் மட்டும் செய்யுங்கள். முதல்நாள் இரவே பத்திரிகையைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஊற வையுங்கள். காலையில் பிள்ளைகள் பிசைந்து கூழாக்கி, தண்ணீரைப் பிழிந்தெடுத்து, பசை சேர்ப்பார்கள். மட்டையின் மேல் உலர்ந்த கடதாசியைக் கசக்கிக் குவித்து, அதன் மேல் கூழை அப்பவேண்டும். உள்ளேயும் கூழாகவே வைத்தால் வெளியே காய்ந்தாலும் உள்ளே நாறும். மேலே அப்பும் கனம் ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகக் கூடாது.

புற்றில் தவறாகப் போக ஒன்றுமில்லை. கோணலாக இருந்தால் இன்னும் நிசமாக இருக்கும். கை நடுங்கும் பிள்ளை, பேச்சுக் குறைந்த பிள்ளை, எதையும் தொடப் பயந்த பிள்ளை எல்லாரும் இதில் சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஈரக் கூழைத் தொட விரும்பாத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும், அவர்களுக்கு உலர்ந்த கடதாசி கசக்கும் வேலையைக் கொடுங்கள்.

வெயிலில் இரண்டு, மூன்று நாள் காய வேண்டும். நிறம் வேண்டுமானால் ஊர் மண்ணையே சலித்துப் பசையில் குழைத்துப் பூசலாம். மஞ்சள் தூளும் நல்ல நிறம். காய்ந்த மஞ்சளில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டால் சிவக்கும், பிள்ளைகளுக்கு அது ஒரு மாயம். ஆனால் வெயில் பட்டால் மஞ்சள் கெதியில் வெளிறிவிடும்.

9. பறவை கடைசியில்

எல்லாரும் முதலில் மயிலோடு தொடங்கவே விரும்புவார்கள். மயிலின் தோகை விசிறி மடிப்புத்தான், ஆனால் உடலை நிற்க வைப்பதில்தான் சிக்கல். கடதாசிப் பறவை இரண்டு மெல்லிய காலில் நிற்காது. நிற்க வைக்கப் பார்த்து ஈர்க்கு, கம்பி என்று போனால் அது பெரியவர்களின் வேலையாகிவிடும். கொக்கு, நாரை எதுவானாலும் உடலைக் கூம்பாகச் சுருட்டி, அகன்ற பக்கத்தைக் கீழே வைத்து உட்கார விடுங்கள். கழுத்துக்குப் பிறிஸ்டல் போட் கீலம் ஒன்று. மை தீர்ந்த பேனையால் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துக் கொடுத்தால் தடித்த மட்டையும் அந்தக் கோட்டில் மடியும். கோடு இழுப்பது நீங்கள், மடிப்பது பிள்ளை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று அவரவர் ஊர்க் குளத்தில் என்ன பறவை நிற்கிறது என்று முதல்நாளே வீட்டில் பார்த்துவரச் சொல்லுங்கள்.

10. காய்ந்த பிறகு

கோதுமைப் பசைக்குக் கரப்பானும் எலியும் வரும், அடிமட்டைக்குக் கரையான் வரும். நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். அதைவிட, அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதே மேல். ஈரமானதை மட்டும் அடுத்த கிழமை கொடுக்கலாம். சைக்கிளில் போகும்போது நசியாமல் இருக்கச் சவர்க்காரப் பெட்டி மட்டையில் ஒரு தட்டுச் செய்து கொடுங்கள்.

கண்காட்சி வையுங்கள் என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு இல்லை என்பதை நிர்வாகக் குழுவோடு முன்கூட்டியே பேசி முடியுங்கள். பரிசு வந்த அடுத்த நிமிடம் அம்மாமார் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடுவார்கள். வந்து குனிந்து திருத்தப் பார்க்கும் பெரியவர்களுக்கு ஒரு கட்டுப் பழைய பேப்பரைக் கொடுத்துத் தங்களுக்கென்று ஒரு பனை செய்யச் சொல்லுங்கள். அரைவாசிப் பேருக்குத் திருப்பி மடிக்க மறந்துவிடும், அதற்குப் பிறகு பிள்ளையின் மரத்தில் கை வைக்க வரமாட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வசனத்தை அது சொன்னபடியே எழுதி வையுங்கள். பெயர் போடுவதானால் முதற்பெயர் மட்டும்.